எடிட்டிங் முடிந்தது – டிவிடி ஓடவில்லை!

ஒரு வீடியோவை எடிட் செய்து முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். அக்கா கல்யாண டிவிடி அந்த நினைப்பைப் போக்கிவிட்டது.

அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் படிக்கிறான்?" என்று அத்தை கேட்கும்போதெல்லாம் அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது. கல்யாணத்தை நண்பன் ஒருவன் கேமராவில் எடுத்துக் கொடுத்தான். லேப் ஸாரிடம் அனுமதி வாங்கி, 1 மணி 50 நிமிடப் படமாக நான் எடிட் செய்தேன். வீட்டில் இருப்பதோ அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டி.வி.யும், பென் டிரைவ் சொருக இடமே இல்லாத பழைய பிளேயரும். ஆகவே டிவிடிதான் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டார் எல்லோரையும் அப்பா வரச் சொல்லிவிட்டார். டிஸ்கைப் போட்டேன். பிளேயர் கொஞ்ச நேரம் கரகரவென்று சுற்றிவிட்டு, படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் நன்றாக ஓடிய அதே டிஸ்க்! அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. "உடு கண்ணு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

நான் செய்த தவறு இதுதான். எம்.பி.4 கோப்பை அப்படியே டிஸ்கில் காப்பி செய்திருந்தேன். டிவிடி பிளேயர் முதன்முதலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1996-ல். எம்.பி.4 கோப்புகளுக்குள் பெரும்பாலும் இருக்கும் ஹெச்.264 என்ற சுருக்கும் முறை 2003-ல்தான் வந்தது. எங்கள் வீட்டுப் பிளேயருக்குத் தெரிந்தது எம்பெக்-2 என்ற பழைய பாஷை மட்டும். அதிலும் நம் ஊர் பால் முறைப்படி அகலம் 720, உயரம் 576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம் என்று அளவு இருக்கிறது. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். மென்பொருளில் 'எம்பெக்2-டிவிடி' என்பதைத் தேர்ந்தெடுத்து, என்.டி.எஸ்.சி. என்று இருந்தால் அதைப் பால் என்று மாற்றினால் இவை தாமாகவே வந்துவிடும்.

தாமாக வராத ஒன்று பிட் ரேட். ஒரு நொடிப் படத்துக்கு எத்தனை பிட் செலவழிக்கலாம் என்ற கணக்கு அது. நான் முன்பின் யோசிக்காமல் 8 மெகாபிட் வைத்தேன். வந்த கோப்பு 6.6 ஜிபி. டிஸ்க்கோ 4.7 ஜிபி! (அதுவும் கவரில்தான் 4.7; கம்ப்யூட்டர் 1024-ஆல் வகுப்பதால் 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.)

கணக்கைப் பாருங்கள். 4.7 ஜிபி என்பது 470 கோடி பைட், அதாவது 3,760 கோடி பிட். நம் படம் 6,600 நொடி. வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 5.7 மெகாபிட். ஒலியைச் சுருக்காமல் பி.சி.எம். ஆக விட்டால் அதுவே 1.5 மெகாபிட்டைத் தின்றுவிடும். ஏசி-3 என்றால் 0.2 போதும். மெனுவுக்கும் கொஞ்சம் இடம் விட்டு, படத்துக்கு 5.2 வைத்தேன். படம் சின்னதாக இருக்கிறதே என்று இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. படத்துக்கு 9.8 மெகாபிட்தான் உச்சவரம்பு. அந்த அளவில் வைத்தால் பழைய பிளேயர்கள் திக்கும்.

இதில் இன்னொரு விஷயம். எல்லா நொடிக்கும் ஒரே 5.2 கொடுத்தபோது, தாலி கட்டும் நேரத்தில் அட்சதை விழும் காட்சி கட்டம் கட்டமாக உடைந்துபோனது! எம்பெக் முறை பக்கத்துப் பக்கத்துப் பிரேம்களில் மாறாத பகுதியைத் திரும்ப எழுதாமல் மிச்சம் பிடிக்கிறது. நூறு அரிசி நூறு பக்கம் பறந்தால் எதை மிச்சம் பிடிக்கும்? அதற்குத்தான் 'வி.பி.ஆர்., ரெண்டு பாஸ்' என்ற தேர்வு. முதல் ஓட்டத்தில் எந்தக் காட்சி கஷ்டம் என்று பார்த்துக்கொள்ளும். இரண்டாவதில், ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சியில் பிட்டைக் குறைத்து அட்சதைக்குக் கொடுக்கும். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனாலும் கல்யாண வீடியோவுக்கு அதுதான் சரி.

இப்படி வந்த கோப்பையும் நேரே எழுதக்கூடாது. டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் கொடுத்து, 'வீடியோ டி.எஸ்.' என்ற போல்டரை உருவாக்க வேண்டும். உள்ளே வி.ஓ.பி. கோப்புகளில் படம் இருக்கும், ஐ.எப்.ஓ. கோப்புகள் எது எங்கே என்று பிளேயருக்கு வழி காட்டும். பி.யு.பி. அதன் நகல். எழுதும்போது டிஸ்கை 'பைனலைஸ்' செய்ய மறக்காதீர்கள். பிறகு ஒரு பழைய பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டே ஆட்களைக் கூப்பிடுங்கள்!

மூன்றாவது டிஸ்க் ஓடியது. அத்தை வாயைத் திறக்கவில்லை. அட்சதை அரிசி அரிசியாகவே விழுந்தது. கடைசியில் 'எடிட்டிங்' என்று போட்டு என் பெயர் வந்தபோது அப்பா டி.வி. கிட்டே போய், "முதல் எழுத்தக் காணமே கண்ணு?" என்றார். குழாய் டி.வி. ஓரங்களை விழுங்கிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு எழுத்தைப் போட வேண்டுமாம். மறுநாள் நாலாவது டிஸ்க் வாங்க அப்பாவே காசு கொடுத்தார்.