ஹைப்ரிட் காருக்கும் மூச்சு உண்டு

மாலையில் பள்ளி விட்டதும் வாயிலில் வரிசையாக வந்து நிற்கும் கார்களில் ஒன்றிரண்டு, எஞ்சின் ஓசையே இன்றி ஊர்ந்து வருவதை நம்மில் பலர் கவனித்திருப்போம். இவையே ஹைப்ரிட் கார்கள். பெட்ரோலில் ஓடும் எஞ்சினும் மின்சாரத்தில் சுழலும் மோட்டாரும் இவற்றில் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ப்ரியஸ்' என்ற கார்தான் இவ்வகையில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் கார். 'முந்தியது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. நம் சகோதரிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நம் நாட்டில் 2010-ல் அது விற்பனைக்கு வந்தபோதும், விலைக்கு அஞ்சி வாங்காதவர்களே மிகுதி. 2022-ல் ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஆகியவை ஹைப்ரிட் வடிவில் வந்த பிறகே மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு தெருக்களில் இவை பழகிய காட்சியாயின.

பாண்டி பஜாரில் தீபாவளிக்கு முந்திய வாரம் கார் ஆமை போல் நகரும்போது, எஞ்சின் தானே அணைந்து மோட்டார் மட்டும் வேலை செய்யும். பிரேக்கை மிதித்தால் அதே மோட்டார் சைக்கிள் டைனமோவாக மாறி, வீணாகப் போக இருந்த ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். நின்று நின்று செல்லும் நம் ஊர்ச் சாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை எனலாம்.

இத்தனைக்கும் நடுநாயகம் அந்தப் பேட்டரிதான். 2010-ல் இங்கு வந்த ப்ரியஸில் 168 சிறு மின்கலங்கள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், பெருக்கிப் பார்த்தால் 201.6 வோல்ட் வரும். இவை கிறிஸ்துமஸ் குடிலில் நாம் தொங்கவிடும் சீரியல் விளக்குகளைப் போலத் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று நலிந்தால் அடுக்கு முழுவதும் தடுமாறும். மாற்ற நேர்ந்தால் செலவு லட்ச ரூபாய்க் கணக்கில் வரும். இந்தியாவில் டொயோட்டா நிறுவனம் 2021 முதல் இந்தப் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகிறது. வீட்டுக்கார் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் 8 ஆண்டில் 90,000 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாது. வாடகைக் கார் அப்படியா? நாளுக்கு 200 கிலோமீட்டர் என்றால் 800 நாளில் கணக்கு முடிந்துவிடும். தந்தை ஓட்டும் வாடகைக் காரை நம்பிப் படிக்கும் தோழியர் நம்மிடையே உண்டு. இரண்டேகால் ஆண்டுக்குப் பிறகு வரும் பழுது முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும். ஆகவே, 'ஹைப்ரிட்டுக்குப் பராமரிப்பே வேண்டாம்' என்று விற்பவர் சொல்வதை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

பேட்டரிக்கு முதல் எதிரி வெப்பம். சூடு ஏற ஏற அதனுள் நடக்கும் வேதிமாற்றங்கள் விரைவுபட்டு, அது விரைவில் முதுமை அடைகிறது. அடுக்கின் நடுவில் இருக்கும் கலங்கள் காற்றோட்டம் குறைவதால் அதிகம் வெந்து முதலில் நலிகின்றன. இதைத் தடுக்க, பல கார்களில் ஒரு சிறு மின்விசிறி காரின் உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துப் பேட்டரியின் மேல் செலுத்துகிறது. நாம் சுவாசிக்கும் அதே காற்றையே அதுவும் சுவாசிக்கிறது! அந்தக் காற்று நுழையும் சல்லடைத் துவாரம் பெரும்பாலும் பின் இருக்கையின் ஓரத்தில் அல்லது அடியில் இருக்கும். சில வண்டிகளில் முன் இருக்கைப் பக்கம்.

பின் இருக்கையில் அமர்வது யார்? நாம்தான். புத்தகப் பையைச் சரித்து வைப்பதும், சாப்பாட்டுக் கூடையை நெருக்கி வைப்பதும், ரங்கநாதன் தெருவில் வாங்கிய துணிப் பைகளை அடைப்பதும் அந்தத் துவாரத்தின் மேல்தான். கத்திரி வெயிலில் 40 பாகையைத் தாண்டும் நாளில் பேட்டரியின் மூக்கை நாம் பொத்துகிறோம் என்பது நமக்குத் தெரிவதில்லை. துவாரத்துக்குள் உள்ள வடிகட்டியில் தூசியும் தலைமுடியும் நாய்க்குட்டியின் ரோமமும் கம்பளம் போல் படியும். மெட்ரோ ரயிலுக்காக லஸ்ஸிலும் பனகல் பூங்காவிலும் தோண்டிய தூசியை எண்ணிப் பார்த்தால், கையேடு சொல்லும் காலத்துக்கு முன்பே இதைக் கழற்றித் துடைப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் விசிறி வழக்கத்தைவிட உரக்க இரைந்தால், எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திராமல் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். இந்தத் துப்புரவுக்கு ஆகும் செலவு சொற்பமே.

பெரிய பேட்டரி நலமாக இருந்தும் கார் கிளம்பாமல் நிற்பது உண்டு. காரணம், சாதாரணக் கார்களில் உள்ளது போன்ற 12 வோல்ட் பேட்டரி ஒன்று இதிலும் இருக்கிறது. கணினிகளை விழிக்கச் செய்வது அதன் வேலை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் அது வடிந்து கிடக்கும். மூன்று நான்கு ஆண்டு ஆனதும் ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

பிரேக் விஷயம் சற்று விந்தையானது. மோட்டாரே பாதி வேலையைச் செய்வதால் பிரேக் கட்டைகள் தேய்வது குறைவு. ஆனால் உழைக்காத கருவி துருப்பிடிக்கும் அல்லவா? சாந்தோம், பெசன்ட் நகர் பக்கத்து உப்புக் காற்றில் பிரேக் தட்டுகள் துருவேறி, அவற்றைப் பிடிக்கும் பாகங்கள் இறுகிவிடும். கட்டை தேயவில்லை என்று விட்டுவிடாமல், ஆண்டுக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து மசகிட வேண்டும். பிரேக் எண்ணெயும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், கிலோமீட்டர் பாராமல் ஆண்டுக் கணக்கிலேயே மாற்றத் தக்கது.

மின்வெட்டின்போது வீட்டில் உதவும் இன்வெர்ட்டரைப் போல, நேர்திசை மின்சாரத்தை மாறுதிசையாக்கும் இன்வெர்ட்டர் ஒன்று காரிலும் உண்டு. அதைக் குளிர்விக்கப் பல வண்டிகளில் தனியே ஒரு கூலண்ட் தொட்டி இருக்கும். எஞ்சின் தொட்டியை மட்டும் பார்த்து மூடிவிடுபவர் பலர். இரண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். மூடியைத் திறந்ததும் தென்படும் ஆரஞ்சு நிறக் கம்பிகளை மட்டும் நாம் தொடவே கூடாது. அவற்றில் பாய்வது உயிரைப் பறிக்கும் மின்சாரம். பயிற்சி பெற்றவர் கைக்கே உரியவை. எலி கடித்த தடம் தெரிந்தாலும் பார்த்துச் சொல்வதோடு நிற்போம்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் பகுதிக் கார்கள் பல நீரில் நின்றன. தண்ணீர் இருக்கை வரை ஏறிய ஹைப்ரிட்டை, வடிந்த பின்னும் 'ஒரு தடவை' என்று கிளப்பிப் பார்க்கக் கூடாது. கயிறு கட்டி இழுப்பதும் தவறு; முன் சக்கரம் உருண்டால் மோட்டார் சுழன்று மின்சாரம் பிறக்கும். சக்கரங்கள் தரையில் படாதபடி, தட்டையான மேடையுள்ள லாரியில் ஏற்றித்தான் பணிமனைக்கு அனுப்ப வேண்டும்.