சர்வருக்குள் ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு தெரு

ஹாஸ்டலில் முதல் நாள் ஞாபகம் இருக்கா? ஒரு ரூம் நம்பர், ஒரு இரும்புக் கட்டில், கதவு சரியாக மூடாத ஒரு அலமாரி. அன்னைக்கு அது வெறும் ரூம்தான். ரெண்டு மாசம் கழிச்சுப் பாருங்க. மெஸ்ஸில் நமக்கு இடம் பிடிச்சு வைக்க ஒருத்தன் இருப்பான். ராத்திரி லேட்டானா "எங்கடா இருக்க?" என்று போன் வரும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது "ரூமுக்கு வந்துட்டேன்" என்று சொல்லும் தொனியே மாறியிருக்கும். கட்டில் அதே கட்டில்தான். அப்போ மாறினது என்ன?

மெய்நிகர் உலகங்களைக் கட்டினவர்கள் கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். 2021-ல் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றியபோது, ஹெட்செட் போட்டுக்கொண்டு வாழப்போகும் எதிர்கால உலகம் புத்தம் புதுசு என்பது போலப் பேச்சு அடிபட்டது. ஆனால் அந்த உலகத்தில் வீடு என்பது எப்படி உருவாகும் என்ற பாடம் 1986-லேயே தொடங்கிவிட்டது.

64 கேபி-க்குள் ஒரு ஊர்

ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் கேம்ஸ் பிரிவு, ஹாபிடாட் என்று ஒரு உலகத்தை உருவாக்கியது. வடிவமைத்தவர்களில் முக்கியமானவர்கள் சிப் மார்னிங்ஸ்டார், ராண்டால் ஃபார்மர். பயனர் பக்கம் இருந்தது 64 கேபி மெமரி கொண்ட கமடோர் 64 கம்ப்யூட்டர். டெலிபோன் லைனில் மோடம் போட்டு குவாண்டம் லிங்க் சேவைக்குள் போனால், ஒரு கார்ட்டூன் உருவமாக உள்ளே நடமாடலாம். திரையில் தெரியும் உருவத்துக்கு 'அவதார்' என்ற நம்ம ஊர்ச் சொல்லை வைத்தவர்களும் இவர்கள்தான்.

ஒவ்வொரு அவதாருக்கும் 'டர்ஃப்' என்று ஒரு சொந்த வீடு உண்டு. கையில் செலவுக்கு டோக்கன் என்ற பணம். அதாவது கட்டிலும் அலமாரியும் ரெடி. எந்த வீதியில் என்ன நடக்கணும், எந்த விளையாட்டு எப்போ தொடங்கணும் என்பதைத் தாங்களே திட்டமிடலாம் என்று வடிவமைப்பாளர்கள் நினைத்தார்கள். ஒரு புதையல் வேட்டையை வாரக்கணக்கில் உட்கார்ந்து தயார் செய்தார்கள். ஒருவர் அதைச் சில மணி நேரத்தில் முடித்துவிட்டார்!

இன்னொரு கதை இன்னும் சுவாரசியம். ஊரில் ஒரு விற்பனை மெஷினில் பொம்மை விலை 75 டோக்கன். ஊரின் இன்னொரு பக்கம் இருந்த அடகு மெஷின் அதே பொம்மையை 100 டோக்கனுக்கு வாங்கிக்கொண்டது. சிலர் இதைக் கவனித்துவிட்டார்கள். ராத்திரி முழுக்கப் பொம்மையை வாங்கி, ஊரைக் கடந்து போய் விற்று, திரும்பி வந்து மறுபடி வாங்கினார்கள். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் 18,000 டோக்கன் பளிங்கு உருண்டையை வாங்கி 30,000-க்கு விற்க ஆரம்பித்தார்கள். காலையில் ரிப்போர்ட்டைப் பார்த்த வடிவமைப்பாளர்களுக்கு ஷாக்: ஊரில் இருந்த மொத்தப் பணம் ஒரே ராத்திரியில் ஐந்து மடங்கு!

இது பக் தானே, பணத்தைப் பிடுங்கியிருக்கலாமே என்று தோன்றும். பிடுங்கவில்லை. அப்படிச் சம்பாதித்தவர்கள் பிறகு அந்தப் பணத்தைப் போட்டு மற்றவர்களுக்காகப் புதையல் வேட்டைகளை நடத்தினார்கள். வடிவமைப்பாளர்கள் திட்டம் போட்டு உருவாக்க முடியாத ஒன்றை ஊர்க்காரர்களே உருவாக்கிக்கொண்டார்கள்.

பூட்டு ஏன் தேவைப்பட்டது?

ஊர் என்றால் நல்லது மட்டுமா வரும்? ஹாபிடாட்டில் திருடவும் முடிந்தது, சுடவும் முடிந்தது. செத்துப்போன அவதார் வெறும் பாக்கெட்டோடு தன் வீட்டில் போய் விழும். இதை வெறுத்த ஒரு பயனர், நிஜ வாழ்க்கையில் பாதிரியார், உள்ளே ஒரு சர்ச்சைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் ஆயுதம் எடுக்கக் கூடாது, திருடக் கூடாது. கடைசியில் அந்தச் சர்ச்சுக்கே பூட்டு போட வேண்டியதாயிற்று. அவர் ஆசையாக அலங்கரித்து வைக்கும் பொருட்களை, அவர் லாக்-அவுட் ஆனதும் யாரோ தூக்கிக்கொண்டுபோய் அடகு வைத்துவிடுவார்களாம்!

பிறகு ஊரே ஓட்டுப் போட்டு ஒரு ஷெரீஃபைத் தேர்ந்தெடுத்தது. உடனே அடுத்த விவாதம்: அவருக்கு என்ன அதிகாரம் கொடுப்பது? ஊர் விவகாரம் என்றால் பஞ்சாயத்து இல்லாமல் முடியுமா?

இந்த அனுபவத்தைப் பிறகு கட்டுரையாக எழுதிய மார்னிங்ஸ்டாரும் ஃபார்மரும் சொன்ன முக்கியமான கருத்து: இப்படிப்பட்ட ஓர் உலகத்தைத் தீர்மானிப்பது அதன் தொழில்நுட்பத்தை விட, உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகும் விதம்தான். கிராஃபிக்ஸ் பிரமாதமாக இருந்தும் காலியாகக் கிடக்கும் உலகங்களை நாம் பார்த்திருக்கிறோமே, காரணம் இதுதான்.

படமே இல்லாமல் ஒரு வீடு

கிராஃபிக்ஸ் இல்லாமலும் வீடு அமையுமா? அமையும். 1990-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்டாமூ முழுக்க முழுக்க எழுத்துதான். ஒரு கமாண்ட் அடித்தால் ஒரு அறை பிறக்கும். அது எப்படி இருக்கும் என்று நீங்களே எழுதி வைப்பீர்கள். அங்கே 1993-ல் ஒரு பயனர், மற்றவர்களின் பாத்திரங்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, எல்லோர் முன்னாலும் எழுத்து வழியாகப் பாலியல் வன்முறை செய்தார். "வெறும் டெக்ஸ்ட் தானே" என்று பாதிக்கப்பட்டவர்களால் கடந்துபோக முடியவில்லை. கூட்டம் கூடி மணிக்கணக்கில் விவாதித்தார்கள். அதன் பிறகு மனு கொடுக்கவும் ஓட்டுப் போடவும் அங்கே ஒரு முறை உருவானது.

வலிக்கிறது என்றால் அந்த இடம் நமக்கு நிஜமாகிவிட்டது என்று அர்த்தம். விதியைச் சேர்ந்து போடுகிறோம் என்றால் அது நம்ம இடம் ஆகிவிட்டது.

வாடகை கட்டலைன்னா?

2003-ல் லிண்டன் லேப் நிறுவனம் திறந்த செகண்ட் லைஃப் இதை இன்னும் பெரிய அளவில் செய்தது. அங்கே நிலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரங்களாக இருக்கும். அடிப்படை வடிவங்களை ஒட்டி வீடு கட்டலாம், கோட் எழுதிக் கதவைத் திறக்க வைக்கலாம். உருவாக்கியவருக்கே அதன் உரிமை என்று அந்த வருஷமே அறிவித்தார்கள். டாம் போல்ஸ்டோர்ஃப் என்ற மானுடவியலாளர் உள்ளேயே ஒரு வீடு வைத்துக்கொண்டு, அங்கிருப்பவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 2008-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஆனால் ஒரு சிக்கல். நிலத்துக்கு மாதாமாதம் கட்டணம் உண்டு. கட்டாமல் விட்டால் நிலம் போகும். நீங்கள் கட்டிய வீடு உங்கள் கணக்கில் 'தொலைந்து கிடைத்தவை' என்ற ஃபோல்டரில் வந்து கிடக்கும். சுவர், கூரை, சோபா எல்லாம் பத்திரமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் அந்த ஃபோல்டரில் இருக்க மாட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல், உலகமே மூடப்படுவது. மைக்ரோசாஃப்ட் வாங்கியிருந்த ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. அங்கே வாராவாரம் சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், 1988-ல் முடிந்துபோன ஹாபிடாட்டை, அமெரிக்காவின் ஓக்லண்டில் உள்ள ஒரு டிஜிட்டல் அருங்காட்சியகமும் ஆர்வலர்களும் சேர்ந்து பழைய சோர்ஸ் கோடை வைத்து மறுபடி ஓட வைத்தார்கள். கோட் திறந்த மூலமாக வெளியானதால்தான் அது முடிந்தது.

நம்மில் யாராவது ஃபைனல் இயர் ப்ராஜெக்டாக ஒரு விஆர் கேம்பஸோ மெய்நிகர் ஊரோ செய்யப்போகிறீர்கள் என்றால், மாடலிங் சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருத்தர் ஒரு வாரம் வரலைன்னா கவனிக்க அங்கே யார் இருப்பாங்க? சண்டை வந்தா தீர்ப்பை யார் சொல்றது? நீங்க டிகிரி வாங்கிட்டுப் போன பிறகு சர்வர் சாவி யார்கிட்ட இருக்கும்?

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் நீங்கள் கட்டுவது ஒரு ஊர். இல்லையென்றால், எவ்வளவு அழகாக ரெண்டர் செய்தாலும், அது முதல் நாள் பார்த்த ஹாஸ்டல் ரூம்தான்.