அறிவா, விவேகமா? பகடை கேட்ட கேள்வி

தாயக்கட்டை உருட்டாத தமிழ்க் குடும்பம் குறைவு. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடி, பெரிய பாம்பின் வாயில் விழுந்து கீழே வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த ஆட்டங்களில் பகடை சொல்வதுதான் சட்டம். காய்க்குப் பெயர் கிடையாது, குணம் கிடையாது.

நான் ஈப்போவில் நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆடும் ஆட்டத்தில் காய்க்குப் பெயர், ஊர், தொழில், பயம், ஆசை எல்லாம் உண்டு. அதன் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்டது. 'ஸ்டிரேஞ்சர் திங்ஸ்' தொடர் பார்த்தவர்களுக்கு, அந்தப் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் காட்சி நினைவுக்கு வரும். கணினி தேவையில்லை. காகிதம், பென்சில், இருபது பக்கப் பகடை உள்ளிட்ட பகடைகள் போதும். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவெடுத்து, பகடை உருட்டுவார்கள்.

எங்கள் மேசை புந்தோங்கில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு தட்டு கச்சாங் பூத்தே. புந்தோங்கில் அது இல்லாமல் எதுவும் நடக்காது. நான் கதை நடத்துகிறேன். இரண்டு பொறியியலாளர்கள், ஒரு தாதி, எஸ்பிஎம் எழுதப்போகும் என் அக்கா மகன் ஆகியோர் ஆடுகிறார்கள். ஆட்டம் முழுவதும் தமிழில்தான்.

ஆறு குணங்கள்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். தமிழில் நாங்கள் வைத்துக்கொண்ட பெயர்கள்: வலிமை, லாவகம், தாக்குப்பிடிக்கும் திறன், அறிவு, விவேகம், வசீகரம். சாதாரணமாகக் கையில் தரப்படும் எண்கள் 15, 14, 13, 12, 10, 8. எதை எங்கே போடுவது என்பது ஆடுபவர் விருப்பம்.

ஆங்கிலத்தில் ஆடும்போது அறிவுக்கும் விவேகத்துக்கும் என்ன வேறுபாடு என்று புதியவர்கள் தடுமாறுவார்கள். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. 'படிச்சவன்தான், ஆனா விவரம் பத்தாது' என்று நாம் சொல்வதில்லையா? படித்துத் தெரிந்துகொள்வது அறிவு. ஆளையும் சூழலையும் பார்த்துப் புரிந்துகொள்வது விவேகம்.

மந்திரம் போடும் பாத்திரங்களுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. நூல் படித்து மந்திரம் கற்கும் மந்திரவாதிக்கு அறிவுதான் முக்கியக் குணம். தெய்வத்தின் அருளால் மந்திரம் செய்யும் பூசாரிக்கு விவேகம். பிறவியிலேயே மந்திரசக்தி உள்ளவருக்கும், பாட்டால் மயக்கும் பாணருக்கும் வசீகரம். ஒரே பாத்திரம் இரண்டு தொழில் செய்யலாம் என்று விதி இடம் தருகிறது. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கோட்டை, ஒரு கொள்ளுத்தாத்தா

இந்த ஆண்டுக் கதைக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் பத்து காஜாவில் உள்ள கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. கட்டியவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் நிறைய. முதல் உலகப்போர் முடியும் நேரத்தில் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சல் அவர்களில் பலரைக் கொன்றது. தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் ஸ்மித் கட்டித்தந்த மாரியம்மன் கோயில் இன்றும் பக்கத்தில் இருக்கிறது. அதன் கூரையில் அவருக்கும் ஓர் உருவம் உண்டு. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை முடிக்கப்படாமலே நின்றுவிட்டது. பேய்க்கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அக்கா மகன் தன் பாத்திரமாகக் கொள்ளுத்தாத்தாவை எடுத்துக்கொண்டான். அவர் என் அம்மாவின் அப்பா. பத்து காஜா பக்கம் ஒரு தோட்டத்தில் காலையில் பால்மரம் வெட்டி, மாலையில் முனியாண்டி கோயிலில் பூசை செய்தவர். அவரிடம் மந்திர நோட்டு ஒன்று இருந்ததாக எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

"நோட்டு இருந்திருக்கு, அப்படின்னா மந்திரவாதி. கோயில்ல பூசை பண்ணியிருக்காரு, அப்படின்னா பூசாரி. ரெண்டும் எடுத்துக்குறேன் மாமா. எதுக்கு 15 போடுறது?" என்றான்.

கணக்கு என்ன சொல்கிறது?

நாங்கள் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. 2024-இல் விதிகள் திருத்தப்பட்டாலும் இந்தக் கணக்கின் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கிறது.

முதலில் நுழைவு விதி. பூசாரி, மந்திரவாதி இரண்டும் வேண்டுமென்றால் விவேகமும் அறிவும் தலா 13-ஆவது இருக்க வேண்டும். ஆக, ஒன்றுக்கு 15, மற்றதற்கு 13 போட்டாலே கதவு திறந்துவிடும். நடுவில் இருக்கும் 14 தாக்குப்பிடிக்கும் திறனுக்குப் போகட்டும். நீடித்து நிற்கும் மந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால், அது கலையாமல் காப்பது அந்தக் குணம்தான்.

அடுத்து எதிர்ப்பு எண். நம் மந்திரத்திலிருந்து எதிரி தப்ப, பகடையில் இந்த எண்ணை எட்ட வேண்டும். எட்டோடு பயிற்சி எண்ணையும் குணத்தின் கூட்டெண்ணையும் சேர்த்தால் அது வரும். குணம் 16 என்றால் கூட்டெண் 3. 20 என்றால் 5. இரு தொழிலுக்கும் கணக்குத் தனித்தனி. பூசாரி மந்திரத்துக்கு விவேகமும், மந்திரவாதி மந்திரத்துக்கு அறிவும் எண்ணப்படும்.

நாங்கள் ஆடும் பதிப்பில் மனிதப் பாத்திரத்துக்கு எல்லாக் குணத்திலும் ஒன்று கூடும். எனவே விவேகம் 16, அறிவு 14. பூசாரியில் எட்டுப் படி, மந்திரவாதியில் இரண்டு படி ஏறியதாக வைத்துக்கொள்வோம். பூசாரியின் நான்காம், எட்டாம் படிகளில் கிடைக்கும் உயர்வுகளை விவேகத்துக்கே கொடுத்தால் அது 20 ஆகும். அப்போது பயிற்சி எண் 4. பூசாரி மந்திரத்தின் எதிர்ப்பு எண் 17, மந்திரவாதி மந்திரத்துக்கு 14. கூட்டெண் 3 உள்ள எதிரி, முதலாவதிலிருந்து நூற்றுக்கு 35 முறை தப்புவான்; இரண்டாவதிலிருந்து 50 முறை.

சரி, இரண்டையும் சமமாக வளர்த்தால்? இரண்டும் அரைகுறையாக நிற்கும். அதைவிட இரண்டாவது தொழிலில் குணத்தை நம்பாத மந்திரங்களாக எடுப்பது கெட்டிக்காரத்தனம். அடி விழும் நொடியில் எழும் மந்திரக் கேடயம், குறி தவறாத மந்திர அம்பு, மாயம் எங்கே இருக்கிறது என்று காட்டும் மந்திரம், இவற்றுக்கு அறிவு 14 இருந்தாலும் 20 இருந்தாலும் பலன் ஒன்றுதான்.

இன்னொரு பொறியும் உண்டு. குண உயர்வு, மொத்தப் படியை வைத்து வருவதில்லை. ஒரே தொழிலில் நான்காம் படியை எட்டினால்தான் வரும். பூசாரியில் மூன்று, மந்திரவாதியில் இரண்டு என்று நிற்பவர் ஐந்தாம் படி ஆள்தான், ஆனால் ஓர் உயர்வுகூடப் பெற்றிருக்க மாட்டார். மூன்றாம் தர மந்திரத்துக்கான சக்தி அவரிடம் இருக்கும். மூன்றாம் தர மந்திரம் ஒன்றுகூடத் தெரியாது. பெரிய வாளியும் சின்ன மங்கும் வைத்திருப்பவர் கதைதான்.

ஆக, எந்தத் தொழிலில் அதிகப் படி ஏறப்போகிறோமோ அதன் குணத்துக்கே 15 போட வேண்டும். ஆனால் எந்தத் தொழிலில் ஏறுவது? பூசாரியில் ஒரே படி எடுத்து கவசம் அணியும் உரிமையைப் பெற்றுக்கொண்டு, மிச்சம் முழுவதும் மந்திரவாதியாகவே ஏறுவதும் நல்ல வழிதான். அப்படியானால் முக்கியக் குணம் அறிவு. இரண்டு பாதைக்கும் கணக்கு இடம் கொடுத்தது.

"லோரி எங்க?"

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார் அம்மா. அவருக்கு வயது 78. "யாருடா மந்திரவாதி?" என்றார்.

"உங்க அப்பாதான் பாட்டி. நோட்டு வச்சிருந்தாருல்ல?"

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுய்யா. அந்த நோட்டு கிராணி எழுதிக் குடுத்தது. யார் யாரு கோயிலுக்கு எவ்வளவு குடுத்தாங்கங்கிற கணக்கு."

எங்கள் குடும்பத்தின் மந்திர நோட்டு ஒரு நொடியில் வரவு செலவுப் புத்தகம் ஆகிவிட்டது. பையனின் முகம் வாடியதைப் பார்த்து அம்மா தொடர்ந்தார். "ராத்திரியில பாம்பு கடிச்சவங்கள அவருகிட்டதான் தூக்கிட்டு வருவாங்க. திருநீறு போடுவாரு. போட்டுக்கிட்டே 'லோரி எங்க?'ன்னு கேப்பாரு. மொத வேலை பத்து காஜா ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுதான். திருநீறு எதுக்குன்னு ஒருநாள் கேட்டேன். 'லோரி வர்ற வரைக்கும் அவன் பயந்து ஓடாம படுத்திருக்கணும்ல'ன்னாரு."

மேசையில் சத்தம் இல்லை. எங்களோடு ஆடும் தாதிதான் முதலில் பேசினார்: "கடிபட்டவங்க அசையாம இருக்கணும்னுதான் நாங்களும் சொல்றோம்."

பையன் அழிப்பானை எடுத்தான். அறிவு 13. விவேகம் 15.

காகிதத்தில் ஒரு தோட்டம்

மலாயாவின் ரப்பர் வரலாறு பேராக்கில் ஆழ வேரோடியது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த வரிசையில் வந்த எங்கள் தாத்தாவின் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. லயங்கள் இல்லை. பெரட்டுக் களம் இருந்த இடத்தை அம்மாவால் மட்டுமே கைகாட்ட முடியும்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு பையன் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வருகிறான். பாட்டியிடம் கேட்டுக் கேட்டுப் பாத்திரத் தாளின் பின்பக்கத்தை நிரப்புகிறான். தாத்தா எத்தனை மணிக்கு எழுந்தார், காண்டாக் கம்பை எந்தத் தோளில் சுமந்தார், கோயிலில் எந்த நாளில் சேவல் அறுத்தார் என்று எல்லாம் அதில் ஏறுகிறது. நான் கேட்காத கேள்விகள் அவை. அம்மாவும் யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவர் போலத்தான் பேசுகிறார்.

கோட்டைக்குள் அவர்கள் முதலில் சந்தித்தது, காய்ச்சலில் இறந்த ஒரு தொழிலாளியின் ஆவி. பொறியியலாளர்கள் வாளை உருவினார்கள். பையன் தன் முறை வந்ததும் தாக்கவில்லை. "அண்ணே, உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஆவியிடம் கேட்டான். விவேகத்துக்கான பகடையில் 14 விழுந்தது, கூட்டெண்ணோடு 17. ஊருக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்றது ஆவி. எழுதித்தர ஆள் இல்லையாம். தாத்தாவுக்கும் எழுதத் தெரியாதே என்று மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் கதைக்குள் ஒரு கிராணியைத் தேடிப் போகிறார்கள்.

வீட்டில் பிள்ளைகள் இந்த ஆட்டத்தைக் கேட்டால் தயங்க வேண்டாம். அடிப்படை விதிகளை வெளியீட்டாளர்களே இலவசமாகத் தருகிறார்கள். பகடைக்குக் கைப்பேசிச் செயலியே போதும். பாத்திரம் உருவாக்கும் நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை.