எடைக்குப் போகாத பொக்கிஷம்!

"பழைய பேப்பர்... பேப்பரேய்!"

தெருவில் இந்தக் குரல் கேட்டால் போதும், மேட்டூர் நண்பர் ஒருவருக்கு அடிவயிறு கலங்கும். காரணம் இருக்கிறது.

ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்தால், கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டி காலி! மேட்டூர் அணை நிரம்பி 120 அடியைத் தொடும்போதெல்லாம் வந்த செய்திகளை அவருடைய அப்பா வெட்டி, ஓரத்தில் தேதி எழுதி அதில் வைத்திருந்தார். கடைசியாக வெட்டியது 2018 ஜூலைச் செய்தி. அதன் பிறகு அப்பா இல்லை.

"ஏங்கண்ணு, பூச்சி அரிச்ச குப்பைன்னு நெனச்சுட்டேன். மூணு கிலோ இருந்துச்சு" என்றார் அம்மா, அப்பாவியாக.

சட்டை கூட மாற்றாமல் ஓடினார் நண்பர். கடையில் பாதிக் கட்டுதான் மிச்சம். மீதி? பொட்டலமாகிப் போயே போச்சு!

அம்மா மேல் தப்பே இல்லை, ஸார். குப்பை மாதிரி வைத்தால் குப்பை என்றுதான் நினைப்பார்கள்.

காகிதத் துண்டுகளின் மதிப்பு தெரிய வேண்டுமா? ரோஜா முத்தையாவைப் பாருங்கள். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. பழைய பேப்பருக்கு வந்த யோகம்!

நமக்கு சிகாகோ வேண்டாம். ஒரு பிஸ்கட் டின் போதும்.

★ கத்தரிக்கோல், ஸ்கேல், பசை, பென்சில் எல்லாம் அந்த டின்னுக்குள். தேடுகிற நேரத்தில்தான் பாதி ஆர்வம் செத்துப் போகிறது.

★ கல்யாணப் பத்திரிகைக் கவர்களைத் தூக்கிப் போடாதீர்கள். அணை, கிரிக்கெட், சினிமா என்று தலைப்புக்கு ஒரு கவர். அத்தனையும் ஒரு ஷூ பெட்டியில் நிற்கும்.

★ வெட்டியவுடனே தேதியும் பத்திரிகைப் பெயரும் எழுதுங்கள். நாளைக்கு என்றால் மறந்தே போகும்.

★ செலோ டேப் வேண்டவே வேண்டாம். சில வருஷத்தில் மஞ்சள் கறைதான் மிஞ்சும். மைதாப் பசையைத் திட்டுத்திட்டாகத் தடவினால் பூச்சிக்கு விருந்து! மெல்லிசாகத் தடவி, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள்.

★ செய்தித்தாளில் இருக்கும் லிக்னின் என்ற பொருள், வெளிச்சமும் காற்றும் பட்டால் காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். அதனால் பெட்டி இருட்டில் இருக்கட்டும். ஆனால் தரையில் வேண்டாம், கரையான் வரும். ரொம்ப முக்கியமான துண்டை நல்ல தாளில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

★ பெட்டி மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதுங்கள். இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்!

நண்பர் மிஞ்சியதை ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒட்டினார். பெட்டி மேல் 'அப்பாவின் அணை' என்று எழுதினார். 2024 ஜூலையில் அணை நிரம்பிய செய்தியை மகன் வெட்டினார்; தேதி எழுதியது அம்மா.

இப்போதும் தெருவில் அந்தக் குரல் கேட்கும். நண்பர் எழுந்திருப்பதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விடுவார்.

"எங்கூட்ல பழைய பேப்பரே கெடையாதுங்க!"