முந்திச் செல்வோரும் மெல்ல நடப்போரும்

தொற்றின் இரண்டாம் அலை தணியத் தொடங்கியபின், 2021 ஜூன் மாத நடுவில் சென்னைப் பூங்காக்கள் காலை 6 மணி முதல் 9 மணி வரை நடைப்பயிற்சிக்காகத் திறக்கப்பட்டன. அம்மாத இறுதியில் கடற்கரைகளிலும் காலை 5 மணி முதல் 9 மணி வரை நடப்பதற்கு அரசு இசைவளித்தது. பல வாரங்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்தோருக்கு இது பெரும் ஆறுதலாக இருந்தது. ஆயினும், முன்பு நாள் முழுவதும் பரவியிருந்த நடமாட்டம் அப்போது நான்கு மணி நேரத்துக்குள் திரண்டது. பாலவாக்கம் கடற்கரையிலும் அதனை நோக்கிச் செல்லும் தெருக்களிலும் நடப்போரும் ஓடுவோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் எதிர்ப்பட்டனர்.

மருத்துவமனை இதழில் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. மீளாய்வுக்கு வரும் நோயாளர்களிடம் "நடக்கிறீர்களா?" என்று நாங்கள் தவறாது கேட்கிறோம். "முன்பு நடந்தேன் டாக்டர், இப்போது வெளியே போகவே பயமாக இருக்கிறது" என்று முதியோர் பலர் விடை கூறுகின்றனர். எதற்கு அச்சம் என்று கேட்டால் இரண்டைச் சொல்கின்றனர். மூச்சிரைக்க ஓடிவருவோர் முகத்தருகே கடந்து செல்வது ஒன்று. பின்புறமிருந்து ஓசையின்றி வந்து உரசிச் செல்லும் மிதிவண்டி மற்றொன்று. இவ்விரண்டு அச்சங்களும் எந்த அளவுக்கு உண்மையானவை, அவற்றை எவ்வாறு போக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நடை நின்றால் நேர்வது

சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை உள்ளோருக்கு நடைப்பயிற்சி மருந்துச்சீட்டின் ஒரு பகுதி. 2020 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நாள்பட்ட நோயுள்ளோருக்கும் இது பொருந்தும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து, 2011-ஆம் ஆண்டில் முதற்கட்ட முடிவுகள் வெளிவந்த ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 10.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதைக் காட்டியது. ஏறத்தாழ பத்தில் ஒருவர் என்று கொள்ளலாம். காலையில் கடற்கரைக்கு வருவோரில் பலர் மருத்துவர் சொல்லி நடப்பவர்களே.

இவர்கள் சில வாரங்கள் நடையை நிறுத்தினாலே சர்க்கரை அளவும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. முதியோருக்குத் தொடைத் தசைகள் விரைவில் மெலிந்து, நாற்காலியிலிருந்து எழுவதே கடினமாகிறது. கொரோனாத் தொற்றினால் நுரையீரல் பாதிக்கப்பட்டு வீடு திரும்பியோருக்கு நடையே மூச்சுத்திறனை மீட்டுத் தரும் முதற்பயிற்சி. ஆகவே, பாதையில் இடமில்லை என்று எண்ணி ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால், அதன் விளைவைச் சில மாதங்களில் நாங்கள் எங்கள் புறநோயாளர் பிரிவில் காண்கிறோம்.

பாலவாக்கத்தில் இடம் எங்கே?

பாலவாக்கம் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் கிழக்கே கடலுக்கும் இடையே அமைந்த ஒடுங்கிய நிலப்பகுதி. நடுவே வடக்கு தெற்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. அதிலிருந்து கடலை நோக்கிச் சிறு தெருக்கள் பிரிகின்றன. நடப்பவருக்கு உள்ளவை மூன்று இடங்களே: பெருஞ்சாலையின் ஓரம், இச்சிறு தெருக்கள், கடற்கரை மணல். சாலையோர நடைபாதை தொடர்ச்சியாக இல்லாத இடங்களில் நடப்பவர் தார்ச்சாலைக்கே இறங்க வேண்டியுள்ளது.

அதே சாலைதான் மிதிவண்டியாளர்களுக்கும் விருப்பமானது. அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் முதலிய பகுதிகளிலிருந்து கோவளம், மாமல்லபுரம் நோக்கிச் செல்வோர் விடியுமுன்பே பாலவாக்கத்தைக் கடக்கின்றனர். 2020-இல் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டபோது நாடெங்கும் மிதிவண்டிக்குத் தேவை பெருகியது. அவ்வாண்டு மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மிதிவண்டிகள் விற்பனையானதாக உற்பத்தியாளர் சங்கம் அறிவித்தது. உடல்நலத்துக்கும் நகரின் காற்றுக்கும் இது நல்லது. எனினும் பலகாலம் கழித்து மிதிவண்டியில் ஏறியோரும் புதிதாகக் கற்றோரும் இவர்களுள் அடங்குவர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கடற்கரைக்கு மற்றோர் உரிமையாளரும் உண்டு. குப்பத்து மீனவர்களுக்கு அம்மணல் தொழிற்களம். படகு கரையேறுவதும், வலை பிரிப்பதும், மீன் விற்பதும் நாம் நடக்கும் அதே காலை நேரத்தில்தான் நிகழ்கின்றன. விரித்த வலையைத் தாண்டி மிதித்துச் செல்லாமல் சுற்றிச் செல்வதும், படகைத் தள்ளும்போது வழிவிட்டு நிற்பதும் பாதைப் பகிர்வில் சேர்ந்தவையே.

கடந்து செல்லும் சில நொடிகள்

கொரோனாத் தீநுண்மி காற்றிலும் பரவும் என்பது இப்போது ஏற்கப்பட்ட உண்மை. ஓய்வில் இருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை மூச்சில் ஏற்று வெளிவிடுகிறார். கடுமையாக ஓடும்போது இது பத்து மடங்கு வரை உயரலாம். எனவே ஓடுபவரின் மூச்சைக் குறித்து முதியோர் கொள்ளும் அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை.

2020 ஏப்ரலில் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளைச் சேர்ந்த காற்றியக்கவியல் பேராசிரியர் பெர்ட் பிளாக்கனும் அவர் குழுவினரும் இதனைக் கணினி வழியே ஆராய்ந்தனர். ஒருவரின் நேர் பின்னால் செல்பவர், முன்னவரின் மூச்சுத் திவலைகள் மிதக்கும் காற்றுக்குள் நுழைகிறார் என்று அவர்கள் காட்டினர். நடப்பவருக்குப் பின்னால் 4 முதல் 5 மீட்டர், ஓடுபவருக்கும் மெதுவாகச் செல்லும் மிதிவண்டிக்கும் பின்னால் 10 மீட்டர், விரையும் மிதிவண்டிக்குப் பின்னால் 20 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றனர். பிற வல்லுநர்கள் சரிபார்க்கும் முன்பே பரவலாகப் பேசப்பட்ட ஆய்வு இது. திவலைகள் செல்லும் தொலைவை அது கணக்கிட்டதேயன்றி, அதனால் எத்தனை பேருக்குத் தொற்று ஏற்படும் என்று ஆராயவில்லை. அதன் எண்களைச் சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை. நேர் பின்னால் தொடர்ந்து செல்லாமல் பக்கவாட்டில் விலகிச் செல்வது நல்லது என்னும் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

தொற்றின் வாய்ப்பு, எவ்வளவு நேரம் அருகில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. திறந்த வெளியில் காற்று மூச்சை விரைவில் கலைத்துவிடுகிறது. ஓடுபவர் ஒருவர் இரண்டு நொடிகளில் கடந்து செல்வதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு. அதைக் காட்டிலும் கவலை தருவது, நடை முடிந்தபின் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, தேநீர்க் கடையருகில் அரைமணி நேரம் நெருங்கி நின்று பேசும் நண்பர் குழு. கடந்து செல்லும் அந்நியரிடம் அஞ்சி, பழகிய நண்பரிடம் அச்சமின்றி இருக்கிறோம். தீநுண்மிக்கு இவ்வேறுபாடு தெரியாது.

விழுவதே பெரிய இடர்

முதியோரின் இரண்டாவது அச்சத்தை நாங்கள் மிகவும் பொருட்படுத்துகிறோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மிதிவண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடக்கிறது. நடப்பவருக்கு ஐந்து மீட்டர் பின்னால் மணியடித்தால் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நொடி. இருபது மீட்டர் பின்னால் மணியடித்தால் ஏறத்தாழ நான்கு நொடிகள் கிடைக்கும். கேட்டு, புரிந்து, ஒதுங்குவதற்கு எழுபது வயதானவருக்கு அந்த நான்கு நொடிகளும் தேவை.

மெல்ல நடப்பவரைப் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அவரது உடல்நிலை தெரியாது. அவருக்குச் செவித்திறன் குறைந்திருக்கலாம். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். சட்டென்று திரும்பினால் தலைசுற்றல் வரலாம். கொரோனாச் சிகிச்சைக்குப்பின் வீடு திரும்பியோரில் சிலருக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சில வாரங்களுக்கு நாங்கள் தருகிறோம். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளோர் பலர் அவற்றை நெடுங்காலமாகவே உட்கொள்கின்றனர். இவர்கள் தலை அடிபட விழுந்தால் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எலும்பு மெலிந்த மூதாட்டிக்கு ஒரு சறுக்கலே இடுப்பெலும்பு முறிவாக முடியலாம். உரசாமலே, வெறும் திடுக்கிடலால் விழுவோரும் உண்டு.

இதனால் பாதைப் பகிர்வுக்கு ஒரே விதியைப் பரிந்துரைக்கிறோம். யார் விரைவாகச் செல்கிறாரோ, அவரே விலகவும் வேகம் குறைக்கவும் பொறுப்புடையவர். மிதிவண்டி ஓட்டுபவர் ஓடுபவருக்கும் நடப்பவருக்கும் வழிவிட வேண்டும். ஓடுபவர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும்.

மிதிவண்டி ஓட்டுவோருக்கு

சாலையின் இடப்புறமாக, போக்குவரத்துச் செல்லும் திசையிலேயே செல்லுங்கள். இருபது மீட்டருக்கு முன்பே மணியடித்து, நடப்பவர் உங்களைக் கவனித்தார் என்று தெரிந்தபின் கடந்து செல்லுங்கள். குழுவாக வருவோர் ஒருவர்பின் ஒருவராகச் செல்லுங்கள். கடற்கரைக்குச் செல்லும் சிறு தெருக்களில் நடைவேகத்துக்கு இறங்குங்கள். கூட்டம் இருந்தால் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். விடியுமுன் புறப்படுவோருக்கு முன்விளக்கும் பின்விளக்கும் இன்றியமையாதவை.

ஓடுவோருக்கு

கடும் உடற்பயிற்சியின்போது முகக்கவசம் வேண்டியதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. வியர்வையில் நனைந்த கவசம் மூச்சைத் தடுப்பதோடு பயனையும் இழக்கிறது. ஆனால் 2021-இல் நம் மாநிலத்தில் பொது இடத்தில் முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. மீறினால் 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அப்போது இரண்டுக்கும் இசைந்த வழி, ஆட்கள் உள்ள இடத்தில் கவசத்துடன் இயலும் அளவுக்கு மெதுவாக ஓடுவதும், விரைவோட்டத்தைத் தொற்று நீங்கிய காலத்துக்கு ஒத்திவைப்பதுமாக இருந்தது. நடப்பவரை நெருங்கும்போது "ஐயா, வலப்பக்கம் வருகிறேன்" என்று தொலைவிலிருந்தே குரல் கொடுத்து, இரண்டு மீட்டர் விலகிக் கடந்து செல்லுங்கள். கடந்தவுடன் அவர் முன்னால் வந்து இணையாதீர்கள். வழியில் துப்புவது எந்நாளும் தகாதது. 2021-இல் அதற்கு 500 ரூபாய் அபராதமும் இருந்தது. மணலில், அலையை ஒட்டிய ஈரப்பகுதியில் ஓடுவோர் சென்றால், சற்று மேடான பகுதி நடப்போருக்குக் கிடைக்கும்.

நடப்போருக்கு

நடப்போருக்கும் கடமைகள் உள்ளன. மூவர் நால்வராகப் பாதையை அடைத்துக்கொண்டு நடக்கலாகாது. இரு காதுகளிலும் இசைக்கருவியை மாட்டிக்கொண்டால் மணியோசை கேட்காது. நடைபாதை இல்லாத சாலையில் வலப்புறமாக, எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பது பாதுகாப்பானது. வெளிர்நிற உடை விளக்கொளியில் எளிதில் தெரியும். சர்க்கரை நோயாளர் மணலில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். சிப்பி, தூண்டில்முள், கண்ணாடித்துண்டு குத்தியதே தெரியாமல் புண்ணாகிவிடும்.

தொற்றிலிருந்து மீண்டோருக்கு

அறிகுறிகள் முற்றிலும் நீங்கி ஏழு நாட்களாவது கடந்தபின், பத்து நிமிட மென்னடையுடன் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரங்கள் அந்த அளவிலேயே இருங்கள். நடந்துகொண்டே இயல்பாகப் பேச இயலுமாயின் வேகம் சரியானது. பேச்சு தடைப்பட்டால் வேகம் மிகுதி. பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருப்போர் நடைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். அளவு 94-க்குக் கீழ் இறங்கினாலோ, மூன்று புள்ளிகளுக்கு மேல் குறைந்தாலோ நடையை நிறுத்திவிட்டு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். உங்கள் மருத்துவர் வேறு அளவு கூறியிருந்தால் அதனையே பின்பற்றுங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றோரும், நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் உள்ளோரும் முன்னதாக மருத்துவரைக் காணாமல் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். தொடக்க நாட்களில் வீட்டார் ஒருவர் உடன் வருவது நல்லது. அவர் உங்களுக்குச் சாலைப்பக்கமாக நடக்கட்டும்.

ஒரு வேண்டுகோள்

அகன்ற நடைபாதையும் தனி மிதிவண்டித் தடமும் அமைக்க மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் முன்வர வேண்டும். அவை வரும்வரை இருக்கும் பாதையைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டியுள்ளது. நெரிசலுக்கு அஞ்சுவோர் ஐந்து மணிக்கோ எட்டு மணிக்குப் பின்னரோ செல்லலாம், மொட்டைமாடியிலும் நடக்கலாம். உங்கள் வீட்டில் ஓடும் பழக்கமுள்ள மகனோ, மிதிவண்டி ஓட்டும் பேத்தியோ இருந்தால் இக்கட்டுரையை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அச்சத்தால் நடையை நிறுத்தியவராயின், அடுத்த மீளாய்வில் அதனை எங்களிடம் சொல்லத் தயங்காதீர்கள். எந்த நேரத்தில், எவ்வழியில், எவ்வளவு தொலைவு நடக்கலாம் என்பதை உங்களுடன் அமர்ந்து வகுத்துத் தருகிறோம்.