திரையில் வரும் இரண்டாவது பெயர்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அப்போது ராசிபுரம், ஆத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் வாங்கிய மடிக்கணினியைப் போட்டதும் திரையில் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். இரண்டாவதைத் தொட்டுப் பார்க்காமலே படிப்பை முடித்தவர்களை நினைத்தால் மனசுக்கு வருத்தமாக இருக்கிறது.

பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட லினக்ஸ் வகை இயங்குதளம். உரிமக் கட்டணம் கிடையாது. மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரே பிரதியைப் பள்ளியின் எல்லாக் கணினிகளிலும் நிறுவலாம். மாணவரிடம் வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம். அது திருட்டுப் பிரதி ஆகாது. பக்கத்துக் கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. நம் பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடநூலிலும் இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு இருக்கிறது.

பள்ளி ஆய்வகத்தில் லினக்ஸைச் சோதித்துப் பார்க்கத் தயங்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வழி. உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே இயக்குங்கள். நிறுவாமல் பயன்படுத்தும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், ஹார்டு டிஸ்கில் இருப்பது அப்படியே இருக்கும். கணினி கொஞ்சம் பழசா? அதற்கு உபுண்டுவின் எடை குறைந்த வடிவமான லுபுண்டு போதும்.