திண்டுக்கல் சாவியும் வலிப்பு மாத்திரையும்

பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் யாராவது வலிப்பு வந்து விழுந்தால், "இரும்புச் சாவியக் குடுங்கப்பா!" என்ற குரல்தான் முதலில் எழும். சாவியைக் கையில் திணித்ததும் வலிப்பு நிற்பதுபோலத் தோன்றும். உண்மையில் சாவிக்கு அதில் பங்கில்லை; பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

நரம்பு செல்கள் கட்டுமீறி ஒன்றாகச் சேர்ந்து மின்துடிப்பை எழுப்புவதே வலிப்பு. 1938 முதல் பயன்பட்டுவரும் பெனிடாயின் மருந்து, செல்களுக்குள் சோடியம் நுழையும் வாயில்களை அடக்குகிறது. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் ஈறு தடிக்கும். இன்னொரு பழைய மருந்தான வால்ப்ரோயேட் எடையைக் கூட்டும். கருவுற்றவர் சாப்பிட்டால், பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம்.

புதிய மருந்துகள் இந்தத் தொல்லைகளில் பலவற்றைக் குறைத்தன. வேறு சிலவற்றைக் கொண்டுவந்தன. லெவடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் தரும். "முன்ன மாதிரி இல்ல, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறாரு" என்று வீட்டார் வருந்துவார்கள். அது மாத்திரையின் வேலையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த பிரிவராசெட்டம் ஒத்துப்போகிறது. 2021இல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியது. லாமோட்ரிஜின் அளவை வாரக்கணக்கில் சிறுகச் சிறுகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம். டோபிரமேட் சாப்பிடும் சிலருக்கு நாக்கு நுனியில் நிற்கும் சொல் வராது, விரல்கள் மதமதக்கும், வியர்வையும் குறையும். சித்திரை வெயிலில் வெங்காயக் காட்டில் களையெடுப்பவருக்கு வியர்க்காவிட்டால் உடம்பு கொதித்துவிடும். வேலை என்னவென்று மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

கிளாஸ்கோ நகரில் 1,795 நோயாளிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, 63.7 சதவீதத்தினர் வலிப்பின்றி இருந்ததைக் கண்டது. புதிய மருந்துகள் பல வந்தும் முப்பது ஆண்டுகளில் இந்த அளவு பெரிதாக உயரவில்லை. உயர்ந்தது தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று உண்டு.

அதற்கு நோயாளி வாய் திறக்க வேண்டும். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்துவைக்கும் பெண், பக்கவிளைவை யாரிடம் சொல்வாள்? சட்டத்துக்கு அவள் பயப்பட வேண்டியதில்லை; வலிப்பைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கும் விதியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999இலேயே நீக்கிவிட்டார்கள். தொல்லை தந்தாலும் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு மூர்க்கமாகத் திரும்பும். மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். வாய் திறக்கும் தைரியத்தை அந்தப் பெண்ணுக்கு வீடுதான் தர வேண்டும்.